உதாரணத்துக்கு ஓர் அம்மா

ஜூன் 10

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதப்போகிறாய், அதனால் அதைக் கேட்கவில்லை. முட்டி வலி எப்படி என்று மட்டும் எழுது, பொய் கலக்காமல்.

என் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். டாக்டர் முன்னறையில் பல்லைப் பிடுங்குகிறார், நான் பின்னறையில் பல்செட் செய்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் என் கைவேலையால் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊமச்சி பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் இப்போது சாதா வகுப்பு, அட்வான்ஸ்டு வகுப்பு என்று இரண்டு சாதி. அட்வான்ஸ்டில் கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் மூன்றும் கல்லூரிப் பாடம் மாதிரி இருக்குமாம். அதில் படித்தவர்களுக்குப் பெரிய கல்லூரிகளின் கதவு தானாகத் திறக்குமாம். நீ எதற்காக அவ்வளவு தூரம் போய் முட்டி தேய உழைக்கிறாயோ, அந்தக் கதவு. உன் மகள் நல்ல மார்க்தான், ஆனால் இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களில் முதல் ஆள். ஏதாவது ஒரு போட்டியில் பள்ளிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. அதற்கு அவள் எதைத் தேர்ந்தெடுத்தாள் தெரியுமா? விவாதப் போட்டி. மூன்று வயது வரை பேசாமல் உன்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவைத்தவள், இன்றைக்கும் ‘சாப்பாடு போதுமா’ என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறவள். கேட்டதும் குடித்த தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. உன் தம்பி பொண்டாட்டி துண்டால் அடித்தாள், துடைக்கவில்லை.

உனக்குச் சம்பளம் தருகிற வீட்டுப் பெரியவரை நன்றாகப் பார்த்துக்கொள். உன்னையும்.

தம்பி

ஜூலை 4

தம்பிக்கு,

நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது, பெரியவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது மட்டும் கத்துகிறது. போன் பண்ணலாம் என்றால் அது பெரியவரின் மருமகள் அறையில் இருக்கிறது, பேசி முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கிறாள். கடிதம்தான் நிம்மதி.

அவளுக்கு அந்த வகுப்பில் இடம் கிடைத்தே ஆக வேண்டும். அவள் அப்பா எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே கணக்கு அதுதான். விவாதப் போட்டி என்றால் என்ன? சண்டை போடுவதா? அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, நம் வீட்டிலேயே பயிற்சி கிடைத்திருக்குமே.

ஒன்று கேட்க வேண்டும். எனக்கு எழுதும்போது ‘நலம், நன்றாகப் படிக்கிறேன்’ என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறாள். நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாளா?

தம்பி பொண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உட்கார்ந்து படி. ஊமச்சி ஜெயித்துவிட்டாள். அட்வான்ஸ்டு வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது.

விவாதம் என்பது சண்டை இல்லை, அதைவிட மோசம். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். பூவா தலையா போட்டுப் பார்ப்பார்கள். தலை விழுந்த பள்ளிக்கூடம் ஆதரித்துப் பேச வேண்டும், பூ விழுந்தது எதிர்த்துப் பேச வேண்டும். சொந்தக் கருத்து என்று ஒன்று இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டுமாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குப் பழக்கமான ஏற்பாடுதான். நேரம் முடிந்தால் மணி அடித்துவிடுவார்கள். இவர்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பழக்கிவிடுகிற டீச்சர் எப்போதும் கையில் மணியோடே திரிவதால் நான் மணி டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மேடையில் அவளைப் பார்த்தபோது யார் வீட்டுப் பெண்ணோ என்று இருந்தது. ஒரு ‘வந்து’ இல்லை, ‘அதாவது’ இல்லை. கடைசியில் அவள் பேசி முடித்தபோது நடுவர்களில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி டீச்சர் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்னை அப்படி யாரும் பிடித்து வெகு காலம் ஆகிவிட்டதால் நானும் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தலைப்பு ஏதோ குடும்பம் சம்பந்தமானது. சரியாக ஞாபகம் இல்லை.

உன்னைப் பற்றிப் பேசுகிறாளா என்று கேட்டிருந்தாய். பேசுகிறாள், பேசுகிறாள்.

தம்பி

செப்டம்பர் 1

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை, நலத்துக்கு மேலே எங்கேயோ இருக்கிறேன். உன் கடிதத்தைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குக் காது கேட்காது, அதனால் சத்தமாக வாசித்தேன். சமையல்காரி, தோட்டக்காரர், மருமகள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் என்ன செய்வது.

அவள் என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ. பல்லைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவாய். நடுவர் அழுகிற அளவுக்கு என்ன சொன்னாள்? அவளிடமே எழுதி வாங்கி அனுப்பு. நான் கேட்டேன் என்று சொல்.

இன்னொன்று. டிசம்பரில் எனக்கு விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா அப்போதுதானே? கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். அவளுக்கு முன்னாலேயே சொல்லாதே.

அக்கா

செப்டம்பர் 22

அக்காவுக்கு,

நலம், நலம். விடுப்பு விஷயம் படித்தேன், பூரித்துப்போய்விட்டேன். ஆனாலும் பெரியவன் மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது, பழக்கமில்லாத வேலை.

பரிசளிப்பு விழா என்றால் நீ நினைப்பது மாதிரி இல்லை. நாள் முழுக்க தாளாளர் பேசுவார். போன தடவை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒருவர் தூங்கி விழுந்து, வாயிலிருந்த செட் உருண்டு மேடைக்கடியில் போய்விட்டது. நான் செய்த செட் இல்லை, நான் செய்தது வாயை விட்டு வராது. பிறகு அந்த மண்டபத்தில் மின்விசிறி கிடையாது. டிசம்பரில் எதற்கு மின்விசிறி என்று கேட்பாய். அதுவும் சரிதான்.

மேலும், அன்றைக்குப் பெற்றோர் வரக்கூடாது என்று ஏதோ புது விதி வரப்போவதாகப் பேச்சு. உள்ளூரில் பொறுப்பாக இருப்பவர் மட்டும்தானாம். விசாரித்துச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபிறகு ஏப்ரலில் வந்தால் நிம்மதியாக இருக்கலாமே? பேசினதை எழுதித் தரச் சொன்னேன், பரீட்சை என்கிறாள்.

தம்பி

அக்டோபர் 5

அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா? இங்க யாரும் நல்லா இல்ல. எனக்கு இவரை மாதிரி சுத்தி வளைச்சு எழுத வராது.

இவர் ரொம்பச் சிரிக்கச் சிரிக்க எழுதினா வீட்ல என்னமோ சரியில்லன்னு உங்களுக்கே தெரியும். நீங்க வளர்த்த தம்பிதானே.

அன்னைக்கு அவளுக்குக் குடுத்த தலைப்பு, ‘பிழைப்புக்காகப் பெற்றோர் தூரதேசம் போவது குடும்பத்துக்கு நன்மையே’. பூ விழுந்துடுச்சு. இவ எதிர்த்துப் பேசணும். பாயிண்ட் பாயிண்டா நல்லாத்தான் பேசினாளாம். கடைசில எதிர்ப்பக்கத்துப் பையன் எழுந்து சிரிச்சுக்கிட்டே, ‘பணம் வருது, படிப்பு நடக்குது, இதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க’ன்னு கேட்டிருக்கான். இவ அவனையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, ‘எங்கம்மா போன வருஷம் அங்கயே காய்ச்சல்ல செத்துப்போயிட்டாங்க. நான் முகம்கூடப் பாக்கல. இதான் உதாரணம்’னு சொல்லிட்டா.

அண்ணி, நான் பொய் எழுதல.

டீச்சர் வந்து இவர் கையைப் பிடிச்சு அழுதப்போ இவர் ‘அப்படி இல்லீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையாட்டிட்டு வந்திருக்கார். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, எல்லாப் பிள்ளைங்களும் எழுந்து நின்னு உங்களுக்காக மௌனம். இவரும் தலையைக் குனிஞ்சு நின்னுட்டு வந்தார். ‘மூக்கு அரிச்சுது, சொறியக்கூட முடியல’ன்னு எங்கிட்ட ஜோக் வேற. வாய்ல பல்லு வைக்கத் தெரியுது, வார்த்தை வைக்கத் தெரியலன்னு கத்தினேன். அன்னைக்கு முழுக்க இவர் சாப்பிடல, அதையும் சொல்லணும்.

இப்ப உண்மை தெரிஞ்சா போட்டில ஜெயிச்சதும் போகும், அந்த வகுப்புல இடமும் போகும். அவ போட்டி முடிஞ்சு வந்ததுலேர்ந்து உங்க கடிதம் வந்தா கைல வாங்க மாட்டேங்கறா. மேஜை மேலயே கிடக்குது. அவமேல கோபப்படாதீங்கன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. ஆனா நீங்க டிசம்பர்ல வரேன்னு எழுதியிருக்கீங்க. தெரியாம வந்து அந்த வாசல்ல நிக்கக்கூடாதேன்னுதான் எழுதறேன்.

இவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி

நவம்பர் 16

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல்கூட இல்லை.

நீ எழுதியதை எல்லாம் படித்தேன். மின்விசிறி, தாளாளர், புது விதி எல்லாம். நீ சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனை வந்தது, பூனைக்குப் பின்னால் நாய் வந்தது, நாய்க்குப் பின்னால் நாய்க்காரர் வந்தார் என்று சொல்லிக்கொண்டே போவாய். கடைசியில் நான்தான் உன்னைக் காப்பாற்றுவதற்காக, ‘சரி, நான் உடைச்சேன்’ என்று அப்பாவிடம் சொல்வேன்.

டிசம்பரில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். விழாவுக்கு மறுநாள்தான் வந்து சேருவேன், அதனால் நீ விதியெல்லாம் விசாரிக்க வேண்டாம்.

பெரியவர் நேற்று என்னைப் பார்த்து, ‘நீ யாரும்மா?’ என்று கேட்டார். மூன்று வருஷமாக வாயில் ஊட்டுகிறேன். கோபம் வரவில்லை.

அக்கா

நவம்பர் 28

அக்காவுக்கு,

நலம். மறுநாள் வருகிறாய் என்று படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, உனக்கு அலைச்சல் மிச்சம் என்பதால். வேறொன்றுமில்லை.

இங்கே ஒரு கூத்து. சலூன்காரருக்குச் செய்த செட்டையும் தபால்காரருக்குச் செய்த செட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரு வாரம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ‘கொஞ்சம் இறுக்கமா இருக்கு, ஆனா பழகிடுச்சு’ என்கிறார் சலூன்காரர். எதுவும் பழகிவிடும் போலிருக்கிறது அக்கா. அதுதான் பயமாக இருக்கிறது.

எழுத உட்கார்ந்தது வேறு. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன். நேரிலும் சொல்வேனா என்று தெரியாது. நீ வந்ததும் என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, ‘என்னடா’ என்று கேள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

தம்பி

டிசம்பர் 2

அம்மாவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

நீங்கள் இந்த மாதம் வருவதாக மாமா சொல்லித் தெரிந்தது. வர வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்களை முன்வைக்கிறேன். முதலாவது, அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அட்வான்ஸ்டு வகுப்பில் ஒரு நாள் தவறினாலும் சமாளிப்பது கடினம். இரண்டாவது, இப்போது வந்தால் உங்கள் விடுப்பு தீர்ந்துவிடும், நான் கல்லூரியில் சேரும் நேரத்தில் வர முடியாமல் போகும். மூன்றாவது, உங்களுக்கு முட்டி வலி. அவ்வளவு நேரம் உட்கார்ந்து பயணம் செய்வது நல்லதல்ல.

நீங்கள் என்னைப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று எதிர்த்தரப்பில் சொல்லலாம். அது உணர்ச்சி சார்ந்த வாதம். ஆனால் அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

மகள்

ஜனவரி 8

தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெரியவர் இருக்கிறார். மருமகள் நான் ஊரில் இருந்த நாட்களை எண்ணிச் சொன்னாள்.

பஸ் ஏறும்போது உன்னை ‘என்னடா’ என்று கேட்பேன் என்று நீ காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கேட்கவில்லை. எனக்கு முன்னாலேயே தெரியும். உன் பொண்டாட்டி எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே, அந்த வீட்டில் நேராக நிற்பது அவள் ஒருத்திதான்.

மறுநாள் வருகிறேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். விழா அன்றைக்கே வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ உள்ளே இருப்பாய் என்று நினைத்தேன். யாருக்கோ பல் அவசரம் என்று சொல்லித் தப்பித்துவிட்டாயாமே. வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் உன் மணி டீச்சர். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. என் மூக்கும் நெற்றியும் அவளிடம் அப்படியே இருக்கிறது, மறைக்க முடியாது. டீச்சர், ‘இவங்க யாரும்மா?’ என்று கேட்டார்.

நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று கேட்காதே. பஸ்ஸில் முழுக்க அடிக்க வேண்டும் என்று நினைத்தேன், கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அவள் வாய் திறப்பதற்குள் நான், ‘அவ அம்மாவோட தங்கச்சி. சித்தி’ என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘உங்க அக்காவைப் பத்தி அவ சொல்லிச் சொல்லி எங்களுக்கு நேரில் பார்த்த மாதிரியே இருக்கு. தலை வாரி விடும்போது பாடுவாங்களாமே. பொண்ணு தூங்கறவரைக்கும் தானும் படுக்க மாட்டாங்களாமே’ என்றார். நான் எப்போதடா பாடினேன்? செத்துப்போன அந்த அம்மா என்னைவிட நல்லவள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

‘எப்படிம்மா ஆச்சு?’ என்று கேட்டார். எனக்குக் காய்ச்சல் மறந்துபோய், ‘நெஞ்சுவலி’ என்று வாயில் வந்துவிட்டது. டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண் இமைக்காமல், ‘காய்ச்சல்ல ஆரம்பிச்சு நெஞ்சுக்கு ஏறிடுச்சு டீச்சர்’ என்றாள். ‘வா சித்தி’ என்று என் பையை வாங்கிக்கொண்டாள். ஒரு தடுமாற்றம் இல்லை. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள்.

பரிசு வாங்கினாள். நான் கைதட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் தெரு முனையில் நின்று கேட்டாள்: ‘உனக்கு எப்போ தெரியும்?’ ‘அக்டோபர்லேர்ந்து’ என்றேன். ‘அப்புறம் ஏன் சித்தின்னு சொன்னே? திட்டியிருக்கலாம்ல.’ பதிலுக்கு நான் கேட்டேன், ‘ஏன்டி அப்படிச் சொன்னே? ஜெயிக்கவா?’ ‘மூணு வருஷமா எங்கம்மா தூரத்துல வேலை பாக்கறாங்கன்னு சொன்னா, அப்படியான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. உயிரோட இல்லன்னு சொன்னப்புறம்தான் எல்லாரும் உன்னைப் பத்திக் கேட்டாங்க. எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு’ என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உள்ளே வந்து நின்றபோது நீ பல்லைப் பற்றி ஒரு ஜோக் சொன்னாய். அது நன்றாக இருந்தது.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவரை நான் வரப்போவதில்லை. சித்தி அடிக்கடி வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். இடம் பத்திரமாக இருக்கட்டும்.

அக்கா

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு முகம் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

நீ போன பிறகு அவள் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. அடுத்த சுற்றுக்குப் பயிற்சி ஆரம்பித்தபோது போகவும் இல்லை. போன திங்கட்கிழமை தானாகவே மணி டீச்சரிடம் போய், ‘எங்கம்மா சாகல. உயிரோட இருக்காங்க. நான் பொய் சொன்னேன். பரிசையும் இடத்தையும் எடுத்துக்குங்க’ என்று சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு, ‘ஆமாம்மா, எங்கேயும் போகல, உன் மனசுலதான் இருக்காங்க’ என்றாராம். இல்லை டீச்சர், நிஜமாகவே இருக்கிறார்கள், அன்றைக்கு வந்தது சித்தி இல்லை, அம்மாதான் என்று கத்தியிருக்கிறாள். உடனே அவளைப் படுக்கவைத்து எனக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

போனேன். வழியெல்லாம் பயம்தான், ஆனால் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். தலைமையாசிரியர் அறையில் டீச்சரும் மனநல ஆலோசகர் ஒருவரும் இருந்தார்கள். ‘பொண்ணு சொல்றது நிஜம்ங்க. எங்கக்கா உயிரோடதான் இருக்கா. நான்தான் அன்னைக்கே சொல்லாம விட்டுட்டேன்’ என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலோசகர் மெதுவாக, ‘சார், மௌனம் அனுசரிச்சப்போ நீங்களே இங்கதானே நின்னீங்க? அவங்க சித்தியே வந்து விவரமெல்லாம் சொல்லிட்டுப் போனாங்களே’ என்றார். பிறகு, குழந்தை மனது நோகக்கூடாது என்று நீங்களும் அவளோடு சேர்ந்து இப்படிச் சொல்வது அவளுக்கு நல்லதில்லை என்று எனக்கு விளக்கினார். நான் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். பழைய கடிதங்களை வைத்துக்கொண்டிருப்பது இயல்புதான், கொஞ்ச நாளைக்கு அவள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள் என்றார்கள். டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வகுப்பில் இடத்தை எடுக்க மாட்டார்களாம். துக்கத்தில் எடுக்கிற முடிவை ஏற்றுக்கொள்ளக்கூடாது என்று விதி இருக்கிறதாம். இந்த விதி நான் கட்டிவிட்டது இல்லை.

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாதிரி. தெருவில் அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. வீட்டு வாசலில் நின்று, ‘மாமா, இனிமே என்ன சொன்னா நம்புவாங்க?’ என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, அக்கா. உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கே எழுது.

தம்பி